சும்மா கிடைக்கும் வேகம் எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிற பிள்ளைகளுக்குக் குமரி மாவட்டத்தின் அருமனையிலும் மார்த்தாண்டத்திலும் கிடைக்கிற முதல் புத்திமதி இது: பெயரின் கடைசியில் ‘கே’ இருக்கிற இன்டெல் ப்ராசசர் எடு, ‘இசட்’ வரிசை மதர்போர்டு எடு, 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் மாட்டு, குறித்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓவர்க்ளாக் செய்து ஓட்டு. “அப்பதான் குடுத்த பைசா முதலாவும்” என்று முடிப்பார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், ஆல்பம் வடிவமைக்கிறவர், விடுமுறையில் கேம் ஆடுகிறவன், அனிமேஷன் படிக்கிறவள் என்று எல்லோருக்கும் இந்த ஒரே மருந்துதான்.

இந்தப் புத்திமதி தவறு. தவறு என்பதோடு விடவும் முடியாது. இங்கே பல வீடுகளில் அந்தக் கம்ப்யூட்டருக்கான பணம் விடியற்காலை ரப்பர்ப் பால்வெட்டில் சேர்ந்தது. மழை வலுத்தால் வெட்டு நின்றுபோகும், வருமானமும் நின்றுபோகும். அந்தப் பணத்தில் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாயை எங்கே போடலாம் என்று சொல்கிறவர், சரியாகத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பை நேர்மையாகவே சொல்கிறேன். ஓவர்க்ளாக்கிங் ஒரு காலத்தில் உண்மையிலேயே சும்மா கிடைத்த வேகம்தான். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ ஒரு குறைந்த விலைச் சரக்கு. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் அதே சில்லு 450இல் ஓடியது. ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் பாதிக்குப் பாதி வேகம். 2007இல் பரவிய க்யூ6600ஐ 2.4இலிருந்து 3.0 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுவது பிள்ளைகளுக்கே கைவந்த கலையாக இருந்தது. 2011இன் ஐ5-2500கே, 3.3 என்று எழுதி விற்கப்பட்டு, நல்ல கூலர் இருந்தால் 4.5இல் வருடக்கணக்காக உழைத்தது. இந்த அனுபவத்தில் ஊறியவர்கள்தான் இன்று கடைகளில் அண்ணன்மார்களாக நின்று ஆலோசனை சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி என் மறுப்புகள்.

1. அந்த மிச்சம் எங்கே போயிற்று?

செலரானில் 150 மெகாஹெர்ட்ஸ் மிச்சம் இருந்ததற்குக் காரணம், கம்பெனி அதை விற்காமல் விட்டிருந்தது. எல்லாச் சில்லுக்கும் பொதுவாக, பத்திரமான ஒரு வேகத்தை முத்திரை குத்தி அனுப்பினார்கள். நல்ல சில்லு வாய்த்தவருக்கு லாபம். 2008 முதல் இன்டெல் டர்போ பூஸ்டைக் கொண்டுவந்தது. 2012இல் என்விடியா ஜிடிஎக்ஸ் 680 கார்டில் ஜிபியு பூஸ்டைக் கொண்டுவந்தது. 2017இல் ஏஎம்டியின் ரைசன் வந்தது. ஒவ்வொன்றும் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பலமுறை அளந்து, ஏறக்கூடிய உயரத்துக்குத் தானே ஏறிக்கொள்கிறது. ஐ9-14900கே சில்லின் அடிப்படை வேகம் 3.2 ஜிகாஹெர்ட்ஸ், தானாக ஏறும் உச்சம் 6.0. 2024 மார்ச்சில் வந்த 14900கேஎஸ் 6.2 வரை போகிறது. அதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் பிழிந்தெடுக்கப்போவது நூறோ இருநூறோ மெகாஹெர்ட்ஸ். முன்பு வாங்கியவனுக்குக் கிடைத்த மிச்சத்தை இப்போது கம்பெனியே எடுத்து, விலையில் சேர்த்து, உங்களுக்கு விற்றுவிட்டது.

இன்னொரு சாட்சி உண்டு. 2022 ஏப்ரலில் ஏஎம்டி விட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, ஓவர்க்ளாக் செய்ய முடியாதபடி பூட்டி விற்கப்பட்டது. கேமில் அது தன் காலத்தின் மிக வேகமான ப்ராசசர்களில் ஒன்றாக நின்றது. காரணம் ஜிகாஹெர்ட்ஸ் கிடையாது. சில்லின் மேல் அடுக்கிய 64 எம்பி கூடுதல் கேஷ். பூட்டிய சில்லு, பூட்டாத சில்லுகளை முந்தியது. இதைப் பார்த்த பிறகும் ‘கே’ எழுத்தைத் தேடு என்று சொல்வது பழக்கத்தால் வந்த பேச்சு.

2. ஆறு விழுக்காடு வேகத்துக்கு என்ன விலை?

சில்லு இழுக்கும் மின்சாரம் வேகத்தின் நேர்விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5.0 ஜிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் சில்லை 5.3க்கு ஏற்ற 1.35 வோல்ட் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வேகம் கூடுவது 6 விழுக்காடு. மின்சாரம் கூடுவது 34 விழுக்காடு. 180 வாட் இழுத்தது 241 வாட் இழுக்கும். ஒரு மணி நேரம் எடுத்த ரெண்டர், எல்லாம் ஒத்துழைத்தாலும், மூன்றரை நிமிடம் முன்னதாக முடியும்.

கூடுதலான அந்த 61 வாட்டை, வீட்டில் இருந்தே எடிட் வேலை செய்யும் ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் செலவழித்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட். 500ஐத் தாண்டினால் முழுக் கணக்கும் மேல் கட்டண வரிசைக்கு மாறும். மாதம் நாலு கல்யாண வேலை செய்கிறவருக்கு இது கவனிக்க வேண்டிய தொகை.

கரண்ட் பில்லை விடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தை யோசியுங்கள். இது இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். ஒரு காற்றடித்தால் ரப்பர்க் கொம்பு லைனில் விழும். 2017 நவம்பர் 30இல் ஓகி புயல் வந்தபோது மரமும் மின்கம்பமும் சேர்ந்து சாய்ந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டம் இது. எல்லோரும் வாங்குகிற 600 விஏ யுபிஎஸ் பொதுவாகத் தாங்குவது 360 வாட். ஓவர்க்ளாக் செய்த ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அந்த யுபிஎஸ் ஃபைலைச் சேமிக்கக்கூட நேரம் தராமல் அணையும். கூலருக்குக் கொடுத்த பணத்தை ஒரு பெரிய யுபிஎஸ்ஸுக்குக் கொடுத்திருந்தால் வேலை பிழைத்திருக்கும்.

3. குளிர்வித்துவிட்டால் ஆபத்து இல்லையா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ‘சூடுதானே சில்லைக் கொல்கிறது? சூட்டை இறக்கிவிட்டால் எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தால் என்ன?’ என்று கேட்கிறார்கள்.

சூட்டின் மீதான இந்தப் பயம் பழையது. 2001 வாக்கில், ஓடிக்கொண்டிருக்கும் ஏஎம்டி அத்லான் சில்லின் மேலிருந்து ஹீட்சிங்க்கை எடுத்ததும் அது புகைந்து செத்துப்போகும் காட்சி உலகமெங்கும் பரவியது. அதே சோதனையில் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைய எல்லாச் சில்லும் பென்டியம் 4 செய்ததைச் செய்கிறது. இன்டெலின் மேல்வரிசைச் சில்லுகளுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசைக்கு 95. முழுச் சுமையில் அந்த 95இல் நின்று ஓடும்படிதான் அதை வடிவமைத்தோம் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. எல்லையைத் தொட்டால் வேகம் குறையும், சில்லு சாகாது. சூட்டுக்குக் காவலாளி இருக்கிறான்.

கையால் வோல்டேஜைக் கூட்டுகிற இடத்தில் அப்படியொரு காவலாளி இல்லை. மிகுந்த மின்னழுத்தம் சில்லுக்குள் உள்ள நுண்ணிய கம்பிகளையும் காப்புப் படலங்களையும் நாளாக நாளாக அரிக்கும். நேற்று 1.30 வோல்ட்டில் நிலையாக ஓடிய சில்லுக்கு ஒரு வருடம் கழித்து 1.35 தேவைப்படும். பிறகு அதுவும் போதாது.

இது கற்பனை இல்லை என்பதற்கு 2024ஐப் பாருங்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் உலகமெங்கும் தடுமாறத் தொடங்கின. கேம் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பிழைச்செய்தி வந்ததால் பலரும் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொன்னார்கள். குற்றவாளி ப்ராசசர். ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: சில்லின் உள்நிரலான மைக்ரோகோட் தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜைக் கேட்டு வாங்கியிருக்கிறது. உயர்ந்த வோல்டேஜிலும் வெப்பத்திலும் சில்லின் உள்ளே கடிகாரத் துடிப்பைப் பங்கிடும் சர்க்யூட் மூப்படைந்து, அது ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜே ஏறிவிட்டது. ஆகஸ்டில் ஒரு திருத்தம் வந்தது, செப்டம்பரில் இன்னொன்று. அந்த இரண்டாவது திருத்தம் எதற்காக? வேலை இல்லாமல் இருக்கும்போதும் லேசான வேலையிலும் சில்லு அதிக வோல்டேஜ் கேட்பதை நிறுத்துவதற்காக. அதாவது ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, சில்லு குளிர்ந்தே இருக்கும் நேரத்தில் நடந்த சேதமும் கணக்கில் உண்டு. இன்டெல் வாரண்டியை மேலும் இரண்டு வருடம் நீட்டிக் கொடுக்க நேர்ந்தது.

இவற்றில் பல, வாங்கியவர் கைவைக்காத சில்லுகள். விளிம்பிலேயே நிறுத்தி விற்கப்பட்ட சரக்கை இன்னும் ஒரு அடி முன்னால் தள்ளு என்று இன்றைக்கும் ஒருவர் சொன்னால், அந்த வருடம் நடந்ததை அவர் படிக்கவில்லை.

மதர்போர்டுக்காரர்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இன்டெல் 253 வாட் என்று வரம்பு குறித்த சில்லுக்கு, பல போர்டுகளின் பயாஸ் தானாகவே 4,095 வாட் என்று வரம்பு வைத்து அனுப்பப்பட்டது. வரம்பே கிடையாது என்பதுதான் அதன் பொருள். 2023 ஏப்ரலில் ஏஎம்டி பக்கம் வேறொரு கோளாறு. மெமரி வேகத்துக்கான எக்ஸ்போ அமைப்பைப் போட்டதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றின. 7000எக்ஸ்3டி வரிசைச் சில்லுகள் சாக்கெட்டோடு கருகின. அதன்பிறகு 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஏஎம்டி கட்டுப்படுத்தியது. ஆகவே, ‘நான் ஓவர்க்ளாக் செய்யவில்லை’ என்று சொல்கிறவரின் போர்டுகூட அவருக்குத் தெரியாமல் செய்துகொண்டிருக்கலாம்.

வாரண்டி இருக்கிறதே என்பார்கள். குறித்த அளவுக்கு மேல் ஓட்டியதால் வந்த சேதத்துக்கு இரண்டு கம்பெனிகளின் வாரண்டியும் பொருந்தாது. அப்படிக் கெட்ட சில்லை மாற்றித் தருவதற்கென்றே இன்டெல் தனியாக ஒரு காப்புத் திட்டம் விற்று வந்தது. 2021இல் அதையும் நிறுத்திவிட்டது.

4. லிக்விட் கூலர் என்ன செய்யும், என்ன செய்யாது?

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. சில்லிலிருந்து ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்வது அறையின் காற்று. அறையில் 33 டிகிரி என்றால், எந்தக் கூலரும் சில்லை 33க்குக் கீழே இறக்காது. கூலர்களைச் சோதிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இருபதைச் சற்றே தாண்டிய அறையில் அளக்கிறார்கள். அவர்களுக்கு 70 காட்டினால், சித்திரை மதியத்தில் அருமனையில் அதே கூலர் எண்பதைத் தாண்டிக் காட்டும். கூலர் மோசம் என்று அர்த்தமில்லை. அறையின் வித்தியாசம் அப்படியே மேலே ஏறி நிற்கிறது.

அதோடு, நெருக்கடி இப்போது ரேடியேட்டரில் கிடையாது, சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ரைசன் 7000இன் கோர்கள் அமைந்த துண்டின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் நகத்தளவு. அத்தனை சூடும் அந்த நகத்தளவு இடத்திலிருந்து உலோக மூடியைக் கடந்து வெளியே வர வேண்டும். வாசல் குறுகல், வெளியே மைதானம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கூட்டம் அதே வேகத்தில்தான் வரும். அதனால்தான் 360 ரேடியேட்டர் மாட்டியும் 95ஐத் தொடுகிறது என்று பலர் கலங்குகிறார்கள்.

பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். காற்றால் குளிரும் கூலரில் ஃபேன் நின்றாலும் உலோகத் தகடுகள் கொஞ்சமாவது சூட்டை விடும். 120 மில்லிமீட்டர் ஃபேனை மார்த்தாண்டத்தில் அன்றே வாங்கி மாட்டலாம். பம்ப் நின்றால் வேலை அன்றோடு நின்றது, முழு கூலரையும் மாற்ற வேண்டும். குழாய்கள் வழியே தண்ணீர் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைவதால் மூடிய லிக்விட் கூலருக்கு ஆயுள் எல்லை உண்டு. ஒரு நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலருக்கு ஃபேனைத் தவிரத் தேய என்ன இருக்கிறது?

5. புழுக்கம் கம்ப்யூட்டருக்கும் உண்டா?

‘நம்ம ஊருக்கு ஏசி இல்லாம கம்ப்யூட்டர் தாங்காது’ என்பதும் இந்தப் புத்திமதியின் வால். நமக்குப் புழுங்குவது வியர்வை காயாததால். ஹீட்சிங்க் வியர்ப்பதில்லை. ஈரக்காற்றானாலும் வறண்ட காற்றானாலும் 32 டிகிரிக் காற்று அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்று, அருமனை வேலூரைப் போல வேகிற ஊரும் இல்லை. மலையடிவார மழை நாட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஏசி இல்லாமல் தாராளமாக வாழும்.

ஏசி கேடும் செய்யலாம். மழைக்காலத்தில் இங்குள்ள காற்றின் நீராவி 24, 25 டிகிரிப் பரப்பிலேயே துளியாகப் படியும். ஏசியை 18இல் வைத்து அறையையும் அணைந்த கேபினெட்டையும் குளிரவைத்துவிட்டு, கதவைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டால், குளிர்ந்த தகடுகளில் ஈரம் படியும். பெல்டியர் என்ற மின்குளிர்விப்புத் தகட்டை வைத்து அறைக்காற்றைவிடக் கீழே குளிர்விக்கிற விளையாட்டுக்கும் இதே விதி. காப்புப் பூசாமல் செய்தால் மதர்போர்டில் தண்ணீர் சொட்டும்.

6. வேலையைக் கெடுக்கும் பிழை எது?

ஓவர்க்ளாக் செய்து நிலைதப்பி, நீலத்திரை காட்டி நின்றுபோகிற கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தன் கோளாறை வாய்திறந்து சொல்கிறது. சொல்லாமல் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடுவதுதான் கொடுமை. ஜிப் ஃபைல் பிரியாது. மூன்று மணி நேர வீடியோவில் நடுவே ஒரு காட்சி சிதைந்து கிடக்கும். கிறிஸ்துமஸ் சீசனில் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த பிறகுதான் வாடிக்கையாளர் கண்டுபிடிப்பார். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது.

ஓவர்க்ளாக்கிங்கை ஒரு பந்தயமாக ஆடுகிறவர்களை நான் மதிக்கிறேன். 2011இல் ஏஎம்டி எஃப்எக்ஸ் சில்லை 8.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி கின்னஸில் பதித்தார்கள். 2022 இறுதியில் திரவ ஹீலியம் ஊற்றி ஐ9-13900கேயை 9க்கு மேல் கொண்டுபோனார்கள். சில்லு சாகலாம் என்று தெரிந்தே இறங்குகிற ஆட்டம் அது. வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய ஒரே கம்ப்யூட்டரை அதில் இறக்கச் சொல்லக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? எதிர்த்திசையில் போக வேண்டும். வோல்டேஜைக் குறையுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 80 விழுக்காட்டுக்கு இறக்கினால் பெரும்பாலான பெரிய கார்டுகள் இழப்பது சில விழுக்காடு வேகம்தான். சத்தமும் சூடும் கண்கூடாகக் குறையும். ரைசன் வைத்திருப்பவர்கள் பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடைப் போட்டுப் பார்க்கட்டும். ‘கே’ இல்லாத ப்ராசசர், ‘பி’ வரிசை போர்டு, ஏர் கூலர், வலை முகப்பு கேபினெட், முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. மிச்சப் பணத்தில் மெமரியும் எஸ்எஸ்டியும் வாங்குங்கள். எடிட்டிங்கில் வித்தியாசம் தெரிவது அங்கே. கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மழைக்கு முன் ஒருமுறை திறந்து தூசியை ஊதுங்கள். ஈரத்தில் தூசி ஹீட்சிங்க் இடுக்கில் கட்டியாக அப்பிவிடும். பின்பக்கத்தில் பயன்படாத ஓட்டைகளை மூடி வையுங்கள்; எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி போய்ச் சாகிற ஊர் இது. எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒயர்மேனை வைத்துப் பாருங்கள். இடி வெட்டும்போது பவர் ப்ளக்கை மட்டும் உருவினால் போதாது, செம்புக் கம்பியில் வரும் கேபிள் இன்டர்நெட் லைனையும் கழற்றுங்கள்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பயாஸின் தேதியைப் பாருங்கள். 2024 செப்டம்பருக்கு முந்தையது என்றால், போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதியதை இறக்கி, யுபிஎஸ்ஸில் சார்ஜ் இருக்கும்போது, மழையும் மின்னலும் இல்லாத நேரமாகப் பார்த்து ஏற்றிவிடுங்கள். பிறகு பவர் லிமிட்டை இன்டெல் குறித்த அளவுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே தடுமாறத் தொடங்கிவிட்ட சில்லை எந்தப் பயாஸும் குணப்படுத்தாது. அது நீட்டித்த வாரண்டிக்குள் இருந்தால், பில்லை எடுத்துக்கொண்டு உடனே மாற்றக் கேளுங்கள்.